நைனா நின்ற லைன்

என் அப்பா எனக்குக் கொடுத்த அறிவுரை ஒன்றே ஒன்றுதான். லைனை விடாதே. பத்தாம் வகுப்பில் கணக்கு வராமல் நான் அழுதபோதும் அதையே சொன்னார். கல்லூரியில் வேறு பாடத்துக்கு மாறிக்கொள்கிறேன் என்றபோதும் அதையே சொன்னார். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருஷம் வாழ்ந்து, இத்தனை ரோடு பார்த்த மனிதருக்குப் பெற்ற பெண்ணிடம் சொல்ல வேறு ஒரு வாக்கியம் கூடவா கிடைக்காது?

அவர் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில்தான் அவர் ஆயுசில் பாதி போனது. ஓட்டி அல்ல, நின்று. கேட்டுக்குள் விடும்வரை டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டில் நிற்கும். டிரைவர்கள் அங்கேயே சமைப்பார்கள், குளிப்பார்கள், தூங்குவார்கள். முன்வண்டி நகர்ந்தால் தூங்குகிறவனைப் பின்வண்டிக்காரன் கதவைத் தட்டி எழுப்ப வேண்டும். அது அவர்களுக்குள் முறை. அசந்தால் இன்னொருவன் அந்த இடத்தில் மூக்கை நுழைத்துவிடுவான். பிறகு சண்டைதான். சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் என் புதுநன்மை அன்று வெள்ளை கவுனும் கையில் மெழுகுவத்தியுமாக நான் ராயபுரத்தில் கோயில் வாசலில் காத்திருந்தேன். அவர் நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் லைனில் இருந்தார். வரவில்லை. லைனை விட்டால் போச்சாம்.

படிப்பு முடிந்ததும் அந்த அறிவுரை என் வேலை விஷயத்தில் வந்து விடிந்தது. "கவர்மெண்ட்டு பரீச்ச எழுதிக்கினே இரு. ஒருநாள் உன் நம்பரு வரும். அதுவரிக்கும் வேற எதுலயும் பூராத" என்றார். எழுதினேன். வரவில்லை. மறுபடியும் எழுதினேன். கூடப் படித்தவர்கள் சொந்தச் சம்பளத்தில் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து பொது அறிவு மனப்பாடம் செய்தேன். வெறுத்துப்போய், அவரிடம் கேட்காமலே காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சொல்லி வைத்தேன். காலிப் பெட்டிகளைச் சுற்றிவந்து எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை. வரச் சொல்லிவிட்டார்கள். ஒன்பது மணிக்குள் கேட்டில் இருக்க வேண்டும், தாமதமானால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்பதையும் போனிலேயே கறாராகச் சொன்னார்கள்.

விஷயம் தெரிந்த பிறகு நைனா என்னோடு பேசவில்லை. சேர வேண்டிய அன்று காலையில் மட்டும் லீவு போட்டுவிட்டு பைக்கோடு வாசலில் நின்றார்.

"ஏறு. பஸ்ஸுல குந்திகினு போயி நீ எப்ப சேருவ?"

அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டார். வழியெல்லாம் பிரசங்கம். "பிரைவேட்டுல இன்னிக்கி கூப்புடுவான், நாளிக்கி போன்னுவான்." எப்படியோ கொண்டுபோய் விடுகிறாரே, பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். அத்திப்பட்டு தாண்டியதும் ரோடு அடைத்துக்கொண்டு டிரெய்லர்கள் நின்றன. இடது பக்கம் ஓரமாக பைக்குகள் சர்சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. நைனா நேராகக் கடைசி டிரெய்லரின் பின்னால் போய் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காலை ஊன்றிக்கொண்டார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. செயின் கழன்றுவிட்டதோ என்றுதான் நினைத்தேன்.

"நைனா, இன்னா நின்னுட்ட?"

"லைன் கீது பாரு. நகரும்."

"நாம வந்தது பைக்கு. ஓரமா போலாம்."

"பைக்குன்னா இன்னா, மொற இல்லியா? நீ சொம்மா குந்து."

முன்வண்டி கொஞ்சம் நகர்ந்தது. இவரும் எஞ்சினைப் போடாமல் காலால் உந்தி அதே அளவு நகர்ந்தார். எங்கள் பின்னால் இன்னொரு டிரெய்லர் வந்து சேர்ந்தது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தான். "இன்னாண்ணே, பைக்க எடுத்துகினு வந்து லைன்ல நிக்கிற?" நைனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் என்னைத் தாமதமாக்குகிறாரோ என்று அப்போது எனக்குத் தோன்றியது. எட்டி அவர் முகத்தைப் பார்த்தேன். கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. முன்வண்டியின் பின்விளக்கையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்று செய்திருந்தால்கூட எனக்கு அத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

கீழே இறங்கினேன்.

"எறங்காத பாப்பா. எறங்குனா போச்சு."

"என் புதுநன்மைக்கும் நீ லைன்லதான் நின்ன. இப்ப என்னியும் நிக்க வெக்கிறியா?" என்று நடுரோட்டில் கத்தினேன். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் முன்வண்டி நகர்ந்துவிட்டது. பேச வந்ததை விட்டுவிட்டு, காலால் உந்தி முன்னால் போனார்.

நான் ஓடினேன். முகமெல்லாம் அனல்மின் நிலையத்து நிலக்கரித் தூசு. டிரெய்லர்களின் ஓரமாக, டயர்களில் துப்பட்டா உரச ஓடினேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "முகத்தத் தொடச்சிகினு உள்ள போம்மா" என்றார். அன்று சேர வந்தவர்களில் நான்தான் கடைசி ஆள்.

மத்தியானம் அந்த அக்கா என்னைத் தேடி வந்தார். கையில் என் சாப்பாட்டுப் பை. அதன் ஞாபகமே எனக்கு இல்லை.

"உங்க நைனா குடுத்தாரு. 'லைன் நகந்துச்சி'ன்னு சொல்லச் சொன்னாரு. சாய்ந்தரம் உன்ன இட்டுகினு போவ வண்டிய எந்த லைன்ல போடணும்னு கேட்டாரு. அப்பிடி ஒண்ணும் கெடயாது, எங்க வேணா நில்லுங்கன்னேன். அந்த லாரிங்க பின்னால போயி நின்னுகினாரு."

கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்தேன். உச்சி வெயில். பக்கத்திலேயே வேப்பமரம் ஒன்று நிழலோடு காலியாகக் கிடந்தது. அவர் கடைசி லாரிக்குப் பின்னால், தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, பைக்கில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை எனக்காகத்தான் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கோபம் அடங்கவில்லை, இன்னும் ஏறியது. போன் போட்டேன்.

"நைனா, வெயில்ல இன்னா பண்ற? வூட்டுக்குப் போ. நான் பஸ்ஸுல வந்துடுவேன்."

"போனா எடம் போயிடும் பாப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.