மேல்பக்கம்

மார்ச் 3: கறுப்பு கிரானைட், ஏழடி – 8,400
மார்ச் 5: வெட்டும் பிளேடு இரண்டு – 760
மார்ச் 9: பாலிஷ் வில்லைகள் ஏழு – 1,150
மார்ச் 14: கூலி – இல்லை

கடைசி வரியில்தான் அவருக்குப் பெருமை. கிடங்கில் முப்பது ஆண்டு இருப்புக் கணக்கு பார்த்தவர். கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். தன் வீட்டுச் சமையல் மேடைக்கு அடுத்தவனை நம்பிக் கல் போடுவாரா?

மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. "தொட்டி ஜன்னல் பக்கம் இருக்கட்டுங்க. பாத்திரம் கழுவுறப்ப நாலு மனுசங்க மூஞ்சியாவது தெரியும்."

ஜன்னல் இடப்பக்கம். அவர் அளந்து, மேடையின் முழு நீளத்துக்கு அட்டை எடுத்து, தொட்டி வர வேண்டிய இடத்தை அதில் வெட்டி, அவள் கையாலேயே 'மேல்பக்கம்' என்று எழுதச் சொன்னார்.

முன்விளிம்பை உருட்டி மெருகேற்றியபின், கல்லின் பளபளப்பான முகம் கீறிவிடக் கூடாதென்று கல்லைக் குப்புறப் போட்டார். எழுத்து மேலே தெரிய அட்டையை வைத்தார். தண்ணீர் ஊற்றி ஊற்றி, மயிரிழை பிசகாமல் வெட்டினார். மைத்துனரும் அவருமாகக் கல்லை நிமிர்த்தி ஏற்றினார்கள். துளை வலப்பக்கம், வெறும் சுவருக்கு நேராக வந்து நின்றது.

"மில்லிமீட்டர் தப்பல மாப்ளே," என்றார் மைத்துனர். "நாலடிதான் தப்பிருச்சு."

அவர் முகம் இறுகியது. "உங்க தங்கச்சியக் கேளுங்க. மேல்பக்கம்னு எழுதினது அவதான்."

அவள் கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

பதினோரு ஆண்டு, வந்தவர்களுக்கெல்லாம் அவர் அந்தத் தொட்டியைக் காட்டினார். "படிச்சவதான். மேல எது கீழ எதுன்னு மட்டும் தெரியாது." வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி அவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவினாள்.

மகளின் பிரசவத்துக்குப் போனவள் திரும்பவில்லை. நான்கு கடிதம் போட்டார், பதில் இல்லை. பழைய கல்லை உடைத்தெடுத்து, புதுக்கல் வாங்கி, இம்முறை முகம் மேலே பார்க்க வெட்டினார். ஐந்தாவது கடிதத்தில் எழுதினார்: 'தொட்டி இப்போது ஜன்னலோரம். சுவரிலிருந்து 22 சென்டிமீட்டர். வந்து பார்.'

பதில் வந்தது.

'கல்லைக் குப்புறப் போட்டுவிட்டு அட்டையைத் திருப்ப மறந்தது நீங்கள்தான். எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று பதினோரு வருசம் காத்திருந்தேன். இப்போதும் அளவைத்தான் எழுதியிருக்கிறீர்கள். இனி எழுத வேண்டாம்.'

புதுத் தொட்டியருகே நின்று இருமுறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, வழக்கம்போல உறையின் மூலையில் குறித்தார்: வந்து சேர்ந்தது, ஜூன் 19.