பூனை யாருக்காக வந்தது

எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்கு என்மேல் எந்த மரியாதையும் கிடையாது. நான் வேலை செய்யும் கந்தோரிலும் பரவலாக அதே கருத்துதான் என்பதால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நாங்கள் மீன், இறைச்சி தொடாத மரக்கறிக்காரர்கள். தயிர்ச்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, மதிலேறிப் பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தாவிடம் மீன்தலை தின்னப் போய்விடும்.

மனைவி நோயில் விழுந்த பிறகுதான் அது மாறியது. மாலையானால் வந்து அவள் கால்மாட்டில் சுருண்டுகொள்ளும், விடியும்வரை அசையாது.

"பாத்தீங்களா? எனக்கு முடியலன்னு அதுக்குத் தெரியுது."

"அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒன் காலுக்கு வச்சிருக்கிற சுடுதண்ணி பேக்தான். கண்டிக் குளிருக்கு எந்தப் பூனையும் வரும்."

"ஒங்களுக்கும்தான் குளிருது. நீங்க வந்து உக்காரலயே."

நான் நிறைய வாசித்தவன். மிருகம் சூட்டைத் தேடும், அன்பு என்பது நாம் அதன்மேல் ஏற்றிச் சொல்வது என்று விளக்கினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசி வாரங்களில் பேச்சே குறைந்துவிட்டது. கை மட்டும் பூனையின் முதுகில் கிடக்கும்.

கருமாதி முடிந்து, மடுல்கெல்லவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். பூனை அந்த அறைப்பக்கம் வரவேயில்லை. அப்படியானால் அவள் சொன்னதுதான் சரி. அந்த ஆறுதலோடு நான் விட்டிருக்கலாம். வாசித்தவனால் முடியுமா? ஒரு மாலை தண்ணீர் கொதிக்கவைத்து, பையை நிரப்பி, அவள் கட்டிலில் கால்மாட்டுப் போர்வைக்குள் வைத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். வந்துவிடாதே, வந்துவிடாதே என்று மனதுக்குள் அதைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

வந்தது. தலையணைப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. போர்வையைக் காலால் பிசைந்து, பையின்மேல் சுருண்டு, கண்ணை மூடிக்கொண்டது.

எங்கள் இல்லறத்தில் நான் வென்ற ஒரே வாதம் அது. சொல்லிக்காட்ட ஆளில்லை.

மதிலுக்கு அப்பாலிருந்து ராத்தா கூப்பிட்டார். "அண்ணன், பூன அங்கயா ஈக்குது? மீன் வெச்சும் காணல்லயே."

"இங்கதாங்க. அவ கட்டில்ல படுத்திருக்கு."

 "வாயில்லாச் சீவன் பாருங்க. அவங்களத் தேடித்தானே வந்தீக்குது?"

"ஆமாங்க," என்றேன். "அவளத்தான் தேடுது."

பை ஆறுவதற்குள் குசினிக்குப் போய் அடுப்பில் இன்னொரு கேத்தல் தண்ணீர் வைத்தேன்.