கேட்காத தாள்

என் உத்தியோகமே பட்டியல்தான். தில்லியில் மத்திய அரசு ஊழியர்களுக்கு வீடு ஒதுக்கும் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். யார் எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தார், யாருக்கு முன்னால் யார் என்பதெல்லாம் என் கைவழியாகத்தான் போகும். மிட்டாய்ப் பெட்டியோடு வந்து "மேடம், தோடா தேக் லீஜியே", கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று குழைபவர்களிடம், பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வரிசையில் அவர்கள் எண் என்ன என்று மட்டும் சொல்லுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குறுக்கே நுழையப் பார்ப்பவர்களைக் கண்டால் இன்னும் நீளும்.

அதனால் என் கணவரின் பெயர் ஒரு பட்டியலில் ஏறியபோது, அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. நாங்கள் லக்ஷ்மிபாய் நகர்க் குடியிருப்பில் இருந்தோம். அவர் வேறொரு அமைச்சகத்தில் சுருக்கெழுத்தாளர். மஞ்சள் காமாலைக் கிருமி ஒன்று எத்தனையோ வருடமாக அவருடைய ஈரலில் குடியிருந்து அதைச் சுருங்க வைத்துவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதர். "ஈரல்னு சொன்னதும் செக்ஷன்ல எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க. குடிச்சாவது தொலைச்சிருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாற்று ஈரல் வைப்பது ஒன்றே வழி என்றார்கள். என் ஈரலில் ஒரு பங்கைக் கொடுக்கலாம் என்று போனேன். இரத்த வகை பொருந்தவில்லை. அவருடைய தம்பிக்குச் சர்க்கரை. மகளுக்குப் பதினைந்து வயதுதான் ஆகியிருந்தது. ஆகவே மூளைச்சாவு அடைந்த யாராவது ஒருவருடைய குடும்பம் மனது வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. மாற்று ஈரல் வைக்கும் மருத்துவமனை ஒன்றின் பட்டியலில் அவர் பெயரைப் பதிவு செய்தோம்.

முதல் நாளே அந்தப் பட்டியல் எனக்குப் பிடிக்கவில்லை. பதிந்த தேதிக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. இரத்தப் பரிசோதனையில் வரும் எண்களை வைத்து யார் சீக்கிரம் செத்துப்போவார் என்று கணக்கிட்டு, அவரை முதலில் வைப்பார்கள். என் கணவருடைய எண்கள் அவ்வளவு மோசமில்லை. அதனால் அவர் கீழே இருந்தார். நேற்று வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. "நல்லா இருக்குறதுக்கு நமக்குத் தண்டனை" என்று அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

தீபாவளி கழிந்த சமயத்தில் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே மந்தமாக வலித்தது. மருத்துவமனையில் அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. எங்கள் அரசு டிஸ்பென்சரி டாக்டர், எதற்கும் வெளியில் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று எழுதிக்கொடுத்தார். புசா ரோட்டில் ஓர் இடத்தில் உடனே தேதி கிடைத்தது. எடுத்தோம். மறுநாள் ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன்.

ஆட்டோவில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். ஈரலின் வலப்பக்கத்தில் நான்கு சென்டிமீட்டரில் ஒரு கட்டி, புற்றுநோயாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று போட்டிருந்தது. "மேடம், ஜானா கஹாம் ஹை?" என்று ஆட்டோக்காரர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வீட்டு விலாசம் வாயில் வந்தது.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் எல்லாருக்கும் நான் முதலில் கற்றுக்கொடுப்பது ஒன்று உண்டு. கேட்காத தாளைக் கோப்பில் வைக்காதே. வைத்தால் மேலதிகாரி அதைப் பார்த்து ஒரு கேள்வி எழுதுவார். கோப்பு கீழே இறங்கும். பதில் தயாரித்து மேலே அனுப்புவதற்குள் பட்டியல் நகர்ந்துவிடும். இந்த வித்தையால் எத்தனையோ பேருடைய வீட்டை நான் காப்பாற்றியிருக்கிறேன்.

லக்ஷ்மிபாய் நகர் வந்து சேர்வதற்குள் முடிவெடுத்துவிட்டேன். கிடைப்பதற்கரிய ஓர் ஈரலை, புற்றுநோய் வந்தவருக்கு யார் கொடுப்பார்கள்? தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். தெரியாமல் இருக்கும்போதே ஒன்று கிடைத்துவிட்டால், பழைய ஈரலோடு கட்டியும் வெளியே போய்விடும். மூன்று மாதம் கழித்து எப்படியும் அவர்களே ஸ்கேன் எடுக்கப்போகிறார்கள். அதுவரை நாமாகப் போய் வாயைத் திறப்பானேன்?

"என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒண்ணுமில்லைங்க. போன தடவை மாதிரிதான். சுருங்கியிருக்குன்னு போட்டிருக்கு."

"அப்ப வலி?"

"வாயுவா இருக்கும். சுக்குத் தண்ணி வெச்சுத் தரேன்."

வைத்தும் கொடுத்தேன். ரிப்போர்ட்டை மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப் போய் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அந்த மூன்று மாதமும் தொலைபேசி மணி அடித்தால் ஓடினேன். பெரும்பாலும் மகளின் சிநேகிதிகளாக இருக்கும். அவள் இந்தியில் சிரித்துப் பேசுவதைக் கேட்டு, லைனை அடைக்காதே என்று எரிந்து விழுவேன். காரணம் தெரியாமல் அவள் முகம் சுருங்கும். பயமாக இருந்தது. ஆனாலும் நான் செய்தது தப்பு என்று ஒரு நாள் கூடத் தோன்றவில்லை. சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

ஜனவரிப் பனியில் மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் படத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பஞ்சாபிக்காரர், நிதானமான மனிதர். கட்டி ஒன்று இருக்கிறது, ஆறு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது, இப்போதைக்குப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டியிருக்கிறது என்றார்.

"மூணு மாசம் முன்னாடி நாலுதானே இருந்தது" என்று நான் சொல்லிவிட்டேன். வாய்தவறி, அதுவும் தமிழில். டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த என் கணவருக்குப் புரிந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? டாக்டரிடம் எல்லாவற்றையும் இந்தியில் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அங்கே இருந்த முறையைப் பொறுமையாக விளக்கினார். ஒரே கட்டியாக, ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெயரை அடிக்க மாட்டார்களாம். மாறாக, கூடுதல் புள்ளி கொடுத்து மேலே ஏற்றுவார்களாம். இரத்தத்தின் எண்கள் நன்றாகவே இருக்கும், கட்டி மட்டும் காத்திருக்காமல் வளரும், அதற்காகத்தான் அந்தச் சலுகை. அளவு தாண்டிவிட்டால் புது ஈரல் வைத்தாலும் நோய் திரும்ப வந்துவிடும். அதனால் கொடுப்பதில்லை.

"ஆப் நே பதாயா கியோம் நஹீம்?" என்று கேட்டார். ஏன் சொல்லவில்லை? அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

வீடு திரும்பும் வழியில், ஆட்டோவில், "அன்னிக்கு நீ சுக்குத் தண்ணி வெச்சுக் குடுத்தியே, அப்பவே தெரியுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. கடைநிலை ஊழியர் ஒருவருக்குப் புற்றுநோய், ஆகவே வரிசையை மீறி வீடு வேண்டும் என்று விண்ணப்பம். விதிப்படி கொடுக்கலாம். இப்படி எத்தனை கோப்புகளுக்கு நானே பரிந்துரை எழுதியிருக்கிறேன்! வீட்டுப் பட்டியலில் மேலே ஏற்றும் அதே நோய் ஈரல் பட்டியலிலும் ஏற்றக்கூடும் என்று இந்த மண்டையில் ஏறவில்லை. பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தொடை வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் இரத்தக் குழாயில் மருந்து செலுத்தினார்கள். கட்டி சுருங்கினால் மறுபடி பட்டியலில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்கள். இரண்டு தடவை செய்தார்கள். சுருங்கவில்லை. இரண்டாவது இடத்தில் இன்னொன்று முளைத்தது.

நான் பட்டியல்காரி அல்லவா, ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மருத்துவமனையில் பட்டியலைக் கவனிக்கும் பெண்ணிடம் போய், அந்த மூன்று மாதத்தில் அவருடைய இரத்த வகையில் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தாள். நானும் அவளைப் போல ஒரு மேசைக்குப் பின்னால் உட்காருகிறவள்தான் என்று சொன்னதும் மெதுவாகச் சொன்னாள். டிசம்பரில் ஒன்று வந்தது. யாருக்குப் போனது என்று சொல்லக் கூடாது. "உங்களவருக்குத்தான் கிடைச்சிருக்கும்னு சொல்ல முடியாது, தீதி. ஆனா பேரு மேலே இருந்திருக்கும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் கடைசியில், காலை வெயிலில் பால்கனியில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். கால் வீங்கியிருந்தது. கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அந்த மூணு மாசத்துல என் பிளட் குரூப்ல ஏதாச்சும் வந்துதா? நீ கேக்காம இருந்திருக்க மாட்டியே."

இனிமேல் இவரிடம் எதையும் மறைப்பதில்லை என்று டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த அன்றே முடிவு செய்திருந்தேன்.

"கேட்டேங்க. டிசம்பர்ல ஒண்ணு வந்திருக்கு."

கீழே யாரோ அவுட் ஆகிச் சண்டை மூண்டது. அது தீர்ந்து அடுத்தவன் மட்டையைக் கையில் எடுக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை மறைச்சிருக்கலாமேம்மா" என்றார்.