ஏரிக்கரையிலயும் மெதுவாத்தான்

இன்னைக்கு லீவு. ஏரிப் பூங்காவுல, மரங்களுக்கு நடுவுல நிக்கிற கேரவன் ஒண்ணை ஒருநாள் வாடகைக்கு எடுத்தோம்.

கரையில வாத்து வந்துச்சு. ஆறு வயசு மக ஓடிவந்து என் காதுக்குள்ள, "உம்மா, வாத்து"ன்னு கிசுகிசுத்தா.

"சத்தமா சொல்லும்மா, இங்க யாரு இருக்கா?"

கேரவன் சுவரைத் தொட்டுப் பாத்தா. "நைட் டூட்டி அங்கிள் முழிச்சிக்க மாட்டாங்களா?"

ஷார்ஜாவுல எங்க ரூமுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவுல ஒரு பிளைவுட் பலகைதான். பகல் முழுக்க அவர் தூங்குவார். இவ பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து "மெதுவா, மெதுவா"ன்னே சொல்லி வளத்துட்டேன்.

"இப்படிக் கத்தணும்"னு நானே கத்திக் காட்டப் போனேன். எனக்கும் கிசுகிசுன்னுதான் வந்துச்சு.

கத்தச் சொல்லிக் குடுக்கிற கிளாஸ் எங்கயாச்சும் இருந்தா சொல்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்துக்கிறோம்.