அப்பா உட்கார்ந்து பார்த்த கார்

அப்பா அந்தத் தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தவர். ஆணியும் திருகும் எண்ணிக்கொண்டே கழிந்திருக்க வேண்டிய வாழ்க்கையை அவருடைய உடம்பு மாற்றிவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்களிலேயே பருமனான ஆள் அவர்தான்.

ஸ்கூட்டரில் மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழையில் நனைந்து போகிறவர்களும் வாங்கக்கூடிய ஒரு சின்னக் காரை அப்போது அங்கே வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டதிலெல்லாம் சிக்கனம். கண்ணாடிக்கு ஒரே துடைப்பான். இருக்கைக்கு வளைத்த குழாயும் கித்தான் துணியும். பின்பக்கம் சின்னதாக ஓர் எஞ்சின். தகட்டில் கை வைப்பதற்கு முன்னால் தச்சர் மரத்திலேயே முழுக் காரையும் செய்திருந்தார். ஏறிப் பார்க்க ஆள் வேண்டும். வடிவமைப்புப் பிரிவில் எல்லோரும் ஒல்லி. அதனால் கிடங்கிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் ஏறினால் ஊரே ஏறலாம் என்று கணக்கு. அன்றிலிருந்து அவருக்கு ‘அளவுகோல்’ என்றே பெயர்.

அவர் ஏறி இறங்கும்போதெல்லாம் தலைமை வடிவமைப்பாளர் கதவை ஒரு விரல் குறைக்கச் சொல்வார். கதவு குறுகினால் தகடு மிச்சம், தகடு மிச்சமானால் விலை இறங்கும்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். "பையன் தங்கமானவன்தான், ஆனா தங்கம் கொஞ்சம் அதிகமா இருக்கு" என்றாராம் அம்மாவின் அப்பா. கல்யாணத்துக்குள் இளைத்துக் காட்டுகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். சொன்னால் செய்கிற மனிதர். இரவுச் சாப்பாட்டை விட்டார். பஸ்ஸை விட்டு நடந்தார். அதே தொளதொள சட்டையோடு போனதால் தினமும் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மரக் காரின் கதவும் அவரோடு சேர்ந்து இளைத்துக்கொண்டே வந்தது.

ஒருநாள் டீ கொண்டுவந்த கேன்டீன் அக்கா, தானும் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று ஆசையாக ஏறப்போய்க் கதவில் மாட்டிக்கொண்டார். அக்காவுக்கு லாரிதான் சரி என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவர் எப்படியோ பின்வாங்கி, தட்டை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

அப்பா சிரிக்கவில்லை. அக்கா எப்போதும் அவரைவிடச் சின்ன உடம்புக்காரர். குனிந்து தன் பெல்ட்டைப் பார்த்தார். கடைசி ஓட்டைக்கு வந்திருந்தது.

நேராகத் தலைமை வடிவமைப்பாளரிடம் போனார். "சார், கதவு தப்பு. நான் இளைச்சுட்டேன்."

நீங்கள் ஏறுவதை என் கண்ணால் பார்த்தாகிவிட்டது, ஏற முடியாதவர்கள் பெரிய கார் வாங்கிக்கொள்ளட்டும் என்றார் அவர்.

"பெரிய கார் வாங்க முடியாதவங்களுக்குத்தானே சார் இது?"

அவர் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். முதலாளிகள் வந்து பார்க்கும் நாள் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. அவர்கள் தலையசைத்தால் கதவுக்கான அச்சு வார்க்கப் போய்விடும். அப்புறம் மாற்ற முடியாது.

அன்று மாலையே அப்பா, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த அம்மாவைத் தேடிப் போனார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாது, பழையபடி ஆக வேண்டியிருக்கிறது, பிடிக்கவில்லையென்றால் கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அம்மா கேன்டீன் அக்காவைப் பற்றி மட்டும் மறுபடி கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"எங்க வீட்டை நான் பாத்துக்கறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

மறுநாளிலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு ஓர் அடுக்குக் கேரியர் வரத் தொடங்கியது. முட்டை, பால், பழம், கூடவே மூச்சுமுட்டச் சோறு. சாப்பிடுவது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது என்பார் அப்பா. பசியே இல்லாதபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். மறுபடியும் பஸ்ஸில் போனார். சட்டை மெல்ல மெல்ல இறுகியது. கதவின் அளவு முடிவாகிவிட்டதால் அதற்கப்புறம் யாரும் அவரை ஏறிப் பார்க்கச் சொல்லவில்லை.

முதலாளிகள் வந்தார்கள். அளவுகோல் ஏறுவார் பாருங்கள் என்று தலைமை வடிவமைப்பாளர் பெருமையாகக் கை காட்டினார். அப்பாவின் தோள் நுழைந்தது. இடுப்பு நுழையவில்லை. உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் நின்றார்.

"மூச்சை உள்ள இழுங்க" என்று பல்லிடுக்கில் சொன்னார் தலைமை வடிவமைப்பாளர்.

"இழுக்க மாட்டேன் சார். வாங்கறவங்க மூச்சை இழுத்துக்கிட்டா கார்ல ஏறுவாங்க?"

முதலாளிகளில் வயதானவர் தச்சரைக் கூப்பிட்டு, அவரை வெளியே எடுங்கள் என்றார். தச்சர் ரம்பத்தை வைத்து, எங்கே அறுப்பது என்று கேட்டார். அப்பா தன் இடுப்பு முட்டிய இடத்துக்கு அந்தப் பக்கமாக விரல் வைத்துக் காட்டினார்.

அந்த அறுப்புக் கோடுதான் கதவின் விளிம்பானது. கூடுதல் தகட்டுக்கு ஈடாகக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் தள்ளுகிற கண்ணாடி வைத்தார்கள். கதவுக்குள் காலியான இடத்தில் குடையும் காய்கறிப் பையும் வைத்துக்கொள்ள முடிந்தது. பின்னாளில் வாங்கியவர்கள் எல்லோரும் மெச்சியது அந்த இடத்தைத்தான். கல்யாணப் படத்தில் அப்பாவின் கோட்டுப் பொத்தான் தெறிக்கத் தயாராக இருக்கிறது. பக்கத்தில் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

அப்பா இறந்துபோன செய்தி கேட்டு நேற்று கேன்டீன் அக்கா வந்திருந்தார். நன்றாக வயதாகிவிட்டது. உடம்பு அப்படியேதான் இருக்கிறது. அப்பா வாங்கி வைத்திருந்த அந்தச் சின்னக் காரிலேயே அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கைத்தடியை முதலில் உள்ளே வைத்து, நிதானமாகக் குனிந்து ஏறிக்கொண்டார். இடித்ததா என்று கேட்டேன்.

"எதுக்கு இடிக்கப் போகுது?" என்று சொல்லிவிட்டு, கதவை அவரே சாத்திக்கொண்டார்.