கையாட்டிய பூதம்

ஆர்டிஸ் ஹாக்ஸ்டாட் இல்லையென்றால் என் படத்தில் பூதமே கிடையாது. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்குக் கோடியில், எங்கள் ஏரிக்கரையில் தூண்டில் புழு விற்கும் கடை அவருடையது. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, அகன்ற தோள், பனி உருகிய மறுவாரமே ஏரியில் இறங்கி நீந்துகிற உடம்பு.

அது 1974 கோடை. ஏரியிலிருந்து எழுந்து ஆளை விழுங்கும் பூதத்தைப் பற்றி நான் ஒரு படம் எடுக்கக் கிளம்பியிருந்தேன். பூத உடுப்பை நானே தைத்தேன்: டயர் டியூப், கம்பளத்துக்கு அடியில் போடுகிற பஞ்சு, கிழிந்த மீன்வலை. நனைந்தால் கல்லாய்க் கனக்கும். மில்வாக்கி நகரத்திலிருந்து வந்த நடிகன் டுவெய்ன் அதை மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று அழுதேவிட்டான்.

"குடுடா டுவெய்ன் அதை! எங்க கன்னுக்குட்டியே இதவிட கனம்" என்று ஆர்டிஸ் பிடுங்கி மாட்டிக்கொண்டார். அன்று முதல் ஒரு மாதம், அட்டை கடித்தாலும் முனகாமல், சொன்ன இடத்தில் முங்கி சொன்ன இடத்தில் எழுந்தார். அப்படி ஒரு உழைப்பாளியை நான் பார்த்ததில்லை.

ஒரே நிபந்தனை வைத்தார். "உள்ளே நான்தான்னு வெளிய மூச்சு விடக்கூடாது. நார்பர்ட் கேட்டா சிரிப்பான்."

நார்பர்ட் அவருடைய தம்பி. எதிர்க்கரையில் வீடு. எங்கள் ஏரியில் ஒரு வழக்கம்: படகில் போகிறவர் எதிரே யார் வந்தாலும் கையாட்டுவார். தெரிந்தவர், தெரியாதவர், வரி வசூலிக்க வந்தவர், எல்லோருக்கும் உண்டு. ஆட்டாமல் போனால் முகத்தில் துப்பியதற்குச் சமம். அப்பா செத்ததும் அவருடைய படகை நார்பர்ட் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றான். அதோடு சரி. எத்தனையோ கோடை போய்விட்டது. படகுகள் உரசுகிற மாதிரி கடந்தாலும் இருவர் கையும் மடியில்தான். ஊரே கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்திலும் ஆளுக்கொரு மூலை.

"நீங்கதான் ஆட்டிருங்களேன்" என்று ஒருமுறை வாயை விட்டேன்.

"வித்தவன் அவன். மொதல்ல அவன் ஆட்டட்டும்" என்றார். சொல்லிவிட்டு எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் காட்சிக்கு என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு பிலிம் சுருள். உடுப்பின் முதுகும் கிழிந்துவிட்டது. பூதம் மெல்ல எழ வேண்டும், கரையை முறைக்க வேண்டும், முங்க வேண்டும். ஆர்டிஸ் எழுந்தார். கரையை முறைத்தார். அந்த நேரம் பார்த்து குறுக்கே ஒரு படகு வந்தது. நார்பர்ட்! வேகத்தைக் குறைத்து, பூதத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, கையைத் தூக்கி ஆட்டினான்.

"அசையாதீங்க, அசையாதீங்க" என்று முணுமுணுத்தேன். பூதத்தின் நகம் நீண்ட கை மேலே போனது. ரயில் ஏற்றிவிட வந்தவரைப் போல, படகு மறையும்வரை அது ஆடியது. சுருள் தீர்ந்தது.

"என் படத்துக்கே சமாதி கட்டிட்டீங்களே!" என்று கத்தினேன்.

அவர் பூதத் தலையைக் கழற்றினார். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "ஆட்டினான்டா, பாத்தியா? யாருன்னு தெரியாமத்தான் ஆட்டினான். இருந்தாலும் ஆட்டினான்ல!"

அதற்கு மேல் எப்படித் திட்டுவது? வேறு முடிவு இல்லாததால் அதையே முடிவாக வைத்தேன்.

இலையுதிர் காலத்தில், காரிலேயே உட்கார்ந்து பார்க்கும் திறந்தவெளி அரங்கில் படம் ஓடியது. நான் ஆர்டிஸின் டிரக்கில் அவர் பக்கத்தில் இருந்தேன். ஆளைத் தின்ற பூதம் கையாட்டியதும் மைதானமே சிரித்து ஹாரன் அடித்தது. அந்த அமளியில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். நார்பர்ட், கையில் பொரித்த பாலாடைக்கட்டிப் பொட்டலம்.

ஆர்டிஸ் கண்ணாடியை இறக்கினார். "நான்னு தெரியாமத்தானே ஆட்டினே?"

"ஒரு மாசமா புழுக்கடை பூட்டிக் கெடக்கு. உள்ள நீதான்னு ஏரி முழுக்கத் தெரியும்." அவன் பொட்டலத்தைப் பார்த்தபடியே சொன்னான். "படகை வித்தது தப்புதான். உன் மூஞ்சியப் பாத்து ஆட்ட வெக்கமா இருந்துச்சுக்கா. அந்தப் பூத மூஞ்சின்னா ஆட்டிறலாம்னு தோணுச்சு."

"ரெண்டும் ஒரே மூஞ்சிதான்டா. ஏறு உள்ள" என்றார் ஆர்டிஸ்.

நான் இறங்கி இடம் விட்டேன்.