கைபம்பு இல்லாத வாக்குமூலம்

அம்மாக்கண்ணு இதுவரை இருபத்திரண்டு மகஜர்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கஞ்சா, மணல், சாராயம், மூன்று கொலை. போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால், அதைக் கண்ணால் பார்த்தோம் என்று இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்; அந்தத் தாளுக்குத்தான் மகஜர் என்று பெயர். செந்துறைக்கு மேற்கே அவள் ஊரில், அந்த இருவரில் ஒருவர் எப்போதும் தலையாரி. அவள்தான் தலையாரி. இருபத்திரண்டில் அவள் கண்ணால் பார்த்தது இரண்டு. மற்றதெல்லாம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து போட்டது.

வேலை புருசன் தங்கசாமியுடையது. பைக்கில் போனவனை லாரி அடித்தது. கருணை அடிப்படையில் வேலை அவளுக்கு வந்தது. பதினான்கு வருஷமாக வி.ஏ.ஓ.வின் நாற்காலியைத் துடைத்தாள். வரி கட்டாதவன் வாசலில் நின்று திட்டு வாங்கினாள். கிணற்றில் மிதந்த பிணத்துக்குக் காவல் இருந்தாள். தங்கசாமி விட்டுப்போன பாடம் ஒன்றே ஒன்று. மகளிர் குழு நோட்டில் அவள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துச் சொன்னான்: "தேதி, மணி போடாத கையெழுத்து கோவணம் கட்டாத ஆளுடி." அன்றிலிருந்து கையெழுத்துக்குக் கீழே இரண்டையும் போடுவாள்.

இருபத்திரண்டாவது மகஜர் இளவரசன் கொலை. முந்திரிக்காட்டு வழித்தகராறில் பங்காளி மதுரைவீரன் வெட்டினான். அன்று பொழுது சாய, பள்ளிக்கூடத்துக் கைபம்பில் மதுரைவீரன் கால் கழுவிக்கொண்டிருந்ததை அம்மாக்கண்ணு பார்த்தாள். பக்கத்தில் அரிவாள். பிடியில் நீல டேப் சுற்றியிருந்தது. தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"என்னடா இது?"

"ஆடு அறுத்தேங்க்கா."

அவள் வீட்டை அடைவதற்குள் முந்திரிக்காட்டிலிருந்து ஒப்பாரி கேட்டது.

மறுநாளே இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். அவர் எழுதிக்கொள்ளவில்லை. "ஏம்மா, நீ மகஜர் சாட்சியா வரப்போறவ. அரிவாளக் கைப்பத்துனதையும் நீயே பாத்த, கழுவுனதையும் நீயே பாத்தன்னா கோர்ட்ல சிரிப்பாங்க. கைபம்ப மறந்துடு." மூன்றாம் நாள் சாயந்தரம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அன்று காலை பதினொன்றரைக்கு தன் கிணற்று மோட்டார் கொட்டகையிலிருந்து மதுரைவீரன் அரிவாளை எடுத்துக் கொடுத்ததாக மகஜரில் எழுதியிருந்தது. மேசைமேல் நீல டேப் அரிவாள். அதே அரிவாள்தான். அவன்தான் வெட்டினான். பிறகென்ன? கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வருஷம் கழித்துச் சம்மன் வந்தது. கூடக் கையெழுத்துப் போட்ட டீக்கடை ஆண்டவர் செத்துப்போயிருந்தார். அரிவாளுக்கு அவள் ஒருத்திதான் மிச்சம். அரிவாள் நின்றால் மதுரைவீரன் உள்ளே, விழுந்தால் வெளியே.

அரசு வக்கீல் முத்தமிழ்செல்வன் தன் அறையில் அவளை நிற்கவைத்தே பேசினார். ஃபைலிலிருந்து தலை நிமிரவில்லை.

"மோட்டார் கொட்டகை. பதினொன்றரை. நீல டேப். மூணுதான். சொல்லு."

"சார், கைபம்புல நான் நெசமாவே..."

"ஸ்டேட்மென்ட்ல இருக்கா?"

"இல்லீங்க. ஆனா பாத்தேன்."

"இல்லாதத இப்ப சொன்னா, மூணு வருசம் கழிச்சுக் கத கட்டுறான்னு அவன் வக்கீலு ஒன்னக் கிழிப்பான். கூடவே என்னையும். தெரிஞ்சதெல்லாம் பேசறதுக்கு இது கொழாயடி இல்ல."

கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர். எதிரி மதுரைவீரன் சலவைச் சட்டையில் நின்றான். அவளைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையசைத்தான். கடைசி பெஞ்சில் இளவரசன் பெண்டாட்டி வேணி.

அரசு வக்கீல் அரிவாளைக் காட்டினார். "இதுதானே?"

"இதுதாங்க."

மோட்டார் கொட்டகை என்றாள். பதினொன்றரை என்றாள்.

எதிரியின் வக்கீல் கலைவாணன் எழுந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"தலையாரியம்மா, எத்தன கேசுல சாட்சி சொல்லியிருக்கீங்க?"

"ஞாபகம் இல்லீங்க."

"இந்த ஸ்டேஷன்ல மட்டும் பதினேழு. கஞ்சா புடிச்சாலும் நீங்க. மணல் புடிச்சாலும் நீங்க. போலீஸுக்குக் கண்ணு கடன் குடுக்கறவங்களா?"

யாரோ சிரித்தார்கள். கலைவாணன் ஒரு தாளை நீட்டினார். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நகல். அரிவாளைக் கைப்பற்றிய அதே நாளில் செந்துறை தாலுகா ஆபீஸில் நடந்த ஜமாபந்தியின், அதாவது வருஷ வரிக்கணக்கு முடிப்பின், வருகைப் பதிவு. எல்லாக் கிராமத்துத் தலையாரிகளும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கையெழுத்துக்குக் கீழே மணி போட்டிருந்தாள். 11.20.

"கையெழுத்து ஒங்களுதா?"

"ஆமாங்க."

"மணி?"

"நான் போட்டதுதான்."

"பத்து நிமிசத்துல செந்துறையிலேர்ந்து மோட்டார் கொட்டகைக்கு எப்படிப் போனீங்க? ஹெலிகாப்டரா?"

அம்மாக்கண்ணு கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கொட்டகைக்குப் போகலீங்க. ஆனா அந்த அருவாள வெட்டுன அன்னிக்கே கைபம்புல..."

"போனீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்ல. கைபம்புல இவன்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா," என்றார் நீதிபதி.

கலைவாணன் உட்கார்ந்தார். அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். தான் கூட்டிவந்த சாட்சி தனக்கே எதிராகத் திரும்பிவிட்டதால் அவளைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும், தானே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்றார். அனுமதி கிடைத்தது. முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"எதிரி தரப்போட சேந்துக்கிட்டு, கொட்டகைக்குப் போகலன்னு இப்ப பொய் சொல்றீங்க. சரிதானே?"

"சரியில்லீங்க. கைபம்புல பாத்தேன் சார். நான் ஒங்ககிட்டயே சொன்னேனே!"

"வேற கேள்வி இல்லை."

தட்டச்சு செய்த வாக்குமூலத்தை எழுத்தர் நீட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். இருபத்திரண்டு மகஜரில் ஒன்றையும் அவள் படித்ததில்லை. இதைப் படித்தாள். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து. கோர்ட் காத்திருந்தது. கலைவாணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கைபம்பு இதுல இல்லியே."

"கேட்டது மட்டுந்தான் வரும். போடும்மா, அடுத்த கேசு நிக்குது."

"அது இருந்தா போடறேன்."

"கையெழுத்துப் போடத் தெரியாதா என்ன? போடும்மா."

பேனாவை மேசைமேல் வைத்தாள். நீதிபதி ஒரு கணம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். தட்டச்சர் அடித்தார். அவள் எட்டிப் பார்த்தாள். சாட்சி கையெழுத்திட மறுத்துவிட்டார்.

"அது சரி," என்றாள். "மணியையும் போடுங்க."

வெளியே படிக்கட்டில் வேணி மறித்தாள். "எவ்வளவுடி வாங்குன?"

"வேணி, ஒன் புருசன வெட்டிப்புட்டு அவன் கைபம்புல கால் கழுவுனான். நான் பாத்தேன்."

வேணி ஒரு படி மேலே ஏறினாள். பிறகு கையை ஓங்கிவிட்டாள்.

"இத இங்க வந்து முழுசாச் சொல்றியே, உள்ள சொல்லியிருக்க வேண்டியதுதானடி!"

படிகளில் மதுரைவீரனைக் கூட்டிக்கொண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். அம்மாக்கண்ணு பக்கத்தில் வந்தபோது அவன் நின்றான்.

"ரொம்ப நன்றிங்க்கா," என்றான்.

வேணி அதைக் கேட்டாள்.